அடைப்புக்குறியை ஏற்காத அதிபர்

அரசுப் பள்ளிகளிலும் தாலுகா அலுவலகங்களிலும் இந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள்: ‘தலைமையாசிரியர் (பொறுப்பு)’. பழையவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார், புதியவர் இன்னும் வந்திருக்க மாட்டார். நடுவில் மூத்த ஆசிரியர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். வேலை முழுக்க அவர் தலையில்தான். பதவி மட்டும் அவருடையதல்ல. கொஞ்சம் பெரிய விஷயமாகக் கேட்டால் “ரெகுலர் ஹெச்.எம். வரட்டும் சார்” என்று விடும் பதிலில் அந்த அடைப்புக்குறியின் முழு அர்த்தமும் இருக்கிறது.

1841 ஏப்ரலில் அமெரிக்காவின் உச்ச நாற்காலிக்கே இந்தச் சிக்கல் வந்தது. அதிபர் வில்லியம் ஹென்றி ஹாரிசன் பதவியேற்று ஒரே மாதத்தில் இறந்துபோனார். பதவியில் இருக்கும்போதே ஓர் அதிபர் இறப்பது அந்த நாட்டுக்கு அதுதான் முதல் தடவை. துணை அதிபர் ஜான் டைலர் வந்து உட்காருவார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. உட்காருகிறவர் அதிபரா, அதிபர் (பொறுப்பு) மட்டும்தானா என்பதில்தான் சண்டை.

அதிபர் இறந்தால் துணை அதிபர் அதிபராகிவிடுவார் என்பது இன்று பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு வரி. ஆனால் 1787-இல் எழுதிய அரசியல் சாசனத்தில் அப்படித் தெளிவான ஒரு வரி கிடையாது. டைலர் பிடித்த பிடியில் வந்த வழக்கம் அது. இதற்கு ‘டைலர் முன்னுதாரணம்’ என்றே பெயர். அமெரிக்க அரசியல் புரியவேண்டும் என்று தொடங்குகிறவர்கள் வாஷிங்டன், ஜெஃபர்சன், லிங்கன் என்று போவார்கள். பட்டியலில் பத்தாவது ஆளான டைலரிடம் யாரும் நிற்பதில்லை. சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தால் அது எப்படி அடைபடுகிறது என்று பார்க்க அவரைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

மேற்படி என்றால் எது?

சாசனத்தின் இரண்டாம் பிரிவு சொல்வதை நம் பத்திர எழுத்தர் நடையில் எழுதினால் இப்படி வரும்: அதிபர் நீக்கப்பட்டாலோ, இறந்தாலோ, ராஜினாமா செய்தாலோ, தன் பதவிக்குரிய அதிகாரங்களையும் கடமைகளையும் நிறைவேற்ற இயலாமல் போனாலோ, மேற்படியானது துணை அதிபரைச் சேரும்.

மேற்படியானது என்றால் எது? பதவியா? அல்லது அதிகாரங்களும் கடமைகளும் மட்டுமா? வாக்கியத்தை எத்தனை முறை திருப்பித் திருப்பிப் படித்தாலும் இரண்டு விதமாகவும் பொருள் கொள்ளலாம். வீட்டுப் பத்திரத்தில் இப்படி ஒரு மேற்படி வந்தால் அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போவார்கள்.

எழுதியவர்கள் மனதில் என்ன இருந்தது? அதற்குத் துப்பு கிடைக்கிறது. 1787 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியா மாநாட்டில் இருந்த முன்வரைவில் விஷயம் தெளிவாகவே இருந்தது. இன்னொரு அதிபர் தேர்ந்தெடுக்கப்படும் வரை அல்லது அதிபரின் இயலாமை நீங்கும் வரை, துணை அதிபர் அந்த அதிகாரங்களையும் கடமைகளையும் செலுத்துவார் என்பதுதான் அதன் பொருள். அதாவது பொறுப்பு. பிறகு நடையைச் செம்மைப்படுத்த ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழு இரண்டு மூன்று வாக்கியங்களைச் சேர்த்து அழகாகச் சுருக்கியது. சுருக்கியதில் தெளிவு போனது. மேற்படி வந்தது. எடிட்டிங் செய்கிறவர்களுக்கு இந்த வலி புரியும்.

1804-இல் சேர்த்த 12-ஆவது திருத்தத்தில்கூட, அதிபர் இறக்கும் சந்தர்ப்பத்தைக் குறிப்பிடும் இடத்தில் துணை அதிபர் ‘அதிபராகச் செயல்படுவார்’ என்றுதான் இருக்கிறது. ‘அதிபர் ஆவார்’ என்று இல்லை. ஆக, சட்டத்தை எழுத்து எழுத்தாகப் படிப்பவர்களிடம் 1841-இல் கேட்டிருந்தால், அடைப்புக்குறி பக்கம்தான் தராசு சாய்ந்திருக்கும். ஐம்பது வருடமாக இந்தக் கேள்வி வரவே இல்லை, ஏனென்றால் பதவியில் யாரும் சாகவில்லை.

ஒட்டுக்கு வந்தவர்

ஜான் டைலர் 1790 மார்ச் 29-இல் வெர்ஜீனியாவில், சார்லஸ் சிட்டி கவுன்டியில் பிறந்தார். அடிமைகளை வைத்துப் பயிர்செய்த பெரிய பண்ணைக் குடும்பம். அப்பா நீதிபதி, பிறகு மாநில ஆளுநர், ஜெஃபர்சனின் நண்பர். மகன் 17 வயதில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் படிப்பை முடித்தார், 21 வயதில் மாநில சட்டமன்றத்தில் நுழைந்தார். பிறகு நாடாளுமன்றத்தின் கீழ்சபையான பிரதிநிதிகள் சபை, வெர்ஜீனியா ஆளுநர், மேல்சபையான செனட் என்று ஒவ்வொரு படியாக ஏறினார். இன்றைக்கு நம்மூரில் வாரிசு அரசியல் என்று எதைச் சொல்கிறோமோ அதே பாதைதான்.

ஆனால் ஆள் வளைந்துகொடுக்கிறவர் அல்ல. 1833-இல் தென் கரோலினா மாநிலம் மத்திய அரசின் சுங்கவரியை ஏற்க மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நின்றது. தேவைப்பட்டால் படையைப் பயன்படுத்த அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு அதிகாரம் கொடுக்கும் மசோதா செனட்டுக்கு வந்தது. பிடிக்காதவர்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். டைலர் போகவில்லை. உட்கார்ந்து எதிர்த்து ஓட்டுப் போட்டார். முடிவு 32-க்கு 1. அந்த ஒன்று அவர்தான். மூன்று வருடம் கழித்து, ஜாக்சனைக் கண்டித்த பழைய தீர்மானத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்க ஆதரவாக ஓட்டுப் போடு என்று அவருடைய மாநில சட்டமன்றமே உத்தரவு போட்டது. அந்தக் காலத்தில் செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தது மாநில சட்டமன்றம்தான். மனசாட்சிக்கு விரோதமாக ஓட்டுப் போடவும் மாட்டேன், அனுப்பிவைத்தவர்கள் பேச்சை மீறவும் மாட்டேன் என்று பதவியையே விட்டுவிட்டு ஊருக்குப் போனார்.

மாநில உரிமை என்பது அவருக்கு மதம் மாதிரி. அந்த மதத்தின் கருவறையில் அடிமை முறை இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். மத்திய அரசு எங்கள் விஷயத்தில் தலையிடக்கூடாது என்று தெற்கத்திப் பண்ணையார்கள் சொன்னபோது, அந்த ‘விஷயம்’ பெரும்பாலும் இதுதான்.

இப்படிப்பட்டவரை 1840 தேர்தலில் விக் கட்சி ஏன் துணை அதிபர் வேட்பாளராக்கியது? (விக் என்றால் தலையில் வைக்கும் விக் இல்லை, இங்கிலாந்தில் மன்னரின் அதிகாரத்தை எதிர்த்தவர்களுக்கு இருந்த பெயரை, ‘ஆண்ட்ரூ மன்னர்’ என்று தாங்கள் கிண்டல் செய்த ஜாக்சனை எதிர்க்க இவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.) கணக்கு எளிது. அதிபர் வேட்பாளர் ஹாரிசன் ஒஹாயோக்காரர், வடக்குப் பக்கம். தெற்கின் ஓட்டைப் பிடிக்க ஒரு வெர்ஜீனியாக்காரர் வேண்டும். கொள்கை ஒத்துப்போகிறதா என்று யாரும் கேட்கவில்லை. ஹாரிசன் 1811-இல் டிப்பகனூ என்ற இடத்தில் பூர்வகுடிகளை எதிர்த்துப் போரிட்ட தளபதி. அதனால் ‘டிப்பகனூ அண்ட் டைலர் டூ’ என்று எதுகை மோனையோடு ஒரு கோஷம். கூடவே டைலரும்! தேர்தலிலும் அவருடைய இடம் அதுதான், கூடவே வந்தவர். மரக்குடிசைப் பொம்மை, புளித்த ஆப்பிள் பானம், ஊர்வலம், பாட்டு என்று பிரச்சாரம் திருவிழா மாதிரி நடந்தது. தேர்வாளர் ஓட்டு (அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்புகிறவர்களின் ஓட்டு) 234-க்கு 60. விக் கட்சி அமோக வெற்றி.

1841 மார்ச் 4 அன்று, 68 வயது ஹாரிசன் குளிரில் மேல்கோட்டுப் போடாமல் நின்று கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் பேசினார். 8,400 வார்த்தைகளுக்கு மேல். இன்றுவரை எந்த அதிபரும் பதவியேற்பில் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அந்தக் குளிரே அவரைக் கொன்றது என்பது பிரபலமான கதை. அவர் படுக்கையில் விழுந்ததோ மூன்று வாரம் கழித்து. அன்றைய மருத்துவர் நிமோனியா என்றார். வெள்ளை மாளிகைக்குத் தண்ணீர் வந்த இடத்துக்கு அருகே நகரத்துக் கழிவு கொட்டப்பட்டதைக் காட்டி, டைஃபாய்டு போன்ற குடல் காய்ச்சலாக இருக்கலாம் என்று பின்னால் மருத்துவ ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். எதுவானாலும் ஏப்ரல் 4 நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் உயிர் போனது.

ஓட்டலில் எடுத்த பிரமாணம்

துணை அதிபருக்கு அன்று வேலை என்று பெரிதாக எதுவும் கிடையாது. செனட்டில் தலைமை தாங்கலாம். ஓட்டு சமமாக நின்றால் ஒரு ஓட்டுப் போடலாம். அதிபரின் சம்பளம் வருடத்துக்கு 25,000 டாலர், துணை அதிபருக்கு 5,000. பதவியேற்பு முடிந்ததும் டைலர் வில்லியம்ஸ்பர்க்கில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். வாஷிங்டனில் அவர் இருக்கவேண்டிய அவசியம் இருப்பதாக அவரே நினைக்கவில்லை.

தந்தி இன்னும் வராத காலம். ஏப்ரல் 5 விடியற்காலை, வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டரின் மகன் ஃப்ளெட்சர் வெப்ஸ்டர் வந்து டைலர் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் அமைச்சரவை எழுதிய கடிதம். உறையின் மேல் விலாசம்: ஜான் டைலர், அமெரிக்காவின் துணை அதிபர். அமைச்சர்கள் யோசித்துத்தான் எழுதியிருப்பார்கள். குதிரை, படகு, ரயில் என்று மாறி மாறிப் பயணம் செய்து மறுநாள் விடியற்காலையில் டைலர் வாஷிங்டனில் இறங்கினார்.

அன்றைக்கே, ஏப்ரல் 6-இல், பிரவுன்ஸ் இந்தியன் குவீன் என்ற ஓட்டலில் அமைச்சர்கள் முன்னிலையில் நடந்ததுதான் இந்தக் கதையின் மையம். கொலம்பியா மாவட்ட நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி வில்லியம் கிராஞ்ச் வந்திருந்தார். டைலர் அவர் முன்னால் அதிபருக்கான பதவிப் பிரமாணத்தை எடுத்தார். துணை அதிபராக எடுத்த பிரமாணமே போதும், புதிதாக ஒன்று எனக்குத் தேவையில்லை, ஆனாலும் பின்னால் சந்தேகம் கிளம்பக்கூடும் என்பதற்காக எடுக்கிறேன் என்று அவர் சொன்னதை, நீதிபதி தன் சான்றிதழிலேயே எழுதி வைத்தார்.

இதிலுள்ள சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். அதிபர் பிரமாணம் எடுத்ததால்தான் நான் அதிபரானேன் என்று அவர் சொல்லவில்லை. ஹாரிசன் மூச்சு நின்ற அந்த நொடியிலேயே நான் அதிபர்; இது வெறும் முன்னெச்சரிக்கை என்கிறார். சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளாமலேயே ஓட்டையை அடைக்கிறார். வக்கீல் தொழில் பார்த்த கை!

மூன்றாம் நாள் பதவியேற்பு உரை போல ஓர் அறிக்கை வெளியிட்டார். அந்த வாரம் போய் அடுத்த வாரத்தில் வெள்ளை மாளிகைக்குக் குடிவந்துவிட்டார். வயது 51, அதுவரை வந்த அதிபர்களில் அவர்தான் இளையவர். முதல் அமைச்சரவைக் கூட்டத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. ஹாரிசன் இருந்தபோது எதையும் அமைச்சர்களிடையே ஓட்டுக்கு விட்டுத்தான் முடிவு செய்வோம், அவருக்கும் ஒரே ஓட்டுதான் என்று வெப்ஸ்டர் சொன்னாராம். என் ஆட்சிக்கு நான்தான் பொறுப்பு, அது பிடிக்காதவர்கள் ராஜினாமா கடிதம் கொடுக்கலாம் என்று டைலர் பதில் சொன்னாராம். பிற்காலத்தில் எழுதப்பட்டது என்பதால் அப்படியே நம்பவேண்டியதில்லை. ஆனால் அடுத்த நான்கு வருடம் அவர் நடந்துகொண்டது இந்தக் கதைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ் தன் நாட்குறிப்பில் பொருமித் தள்ளினார். அவரைப் பொறுத்தவரை டைலர், ‘அதிபராகச் செயல்படும் துணை அதிபர்’. மே 31-இல் காங்கிரஸ் கூடியது. (காங்கிரஸ் என்றால் இங்கே நாடாளுமன்றம்.) அதிபருக்குத் தகவல் அனுப்புவது என்ற வழக்கமான தீர்மானம் வந்தபோது, ‘அதிபர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு துணை அதிபர் என்றே எழுதவேண்டும் என்று பிரதிநிதிகள் சபையில் திருத்தம் வந்தது. தோற்றது. செனட்டிலும் வந்தது, 38-க்கு 8 என்று தோற்றது. இரண்டு சபைகளும் அவரை அதிபர் என்று விலாசமிட்டுக் கடிதம் அனுப்பிய அன்று அடைப்புக்குறி அழிந்தது. எந்த நீதிமன்றமும் தீர்ப்பு சொல்லவில்லை. யாரும் சாசனத்தைத் திருத்தவில்லை. ஒருவர் அப்படி நடந்துகொண்டார், மற்றவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். முன்னுதாரணம் என்பது இவ்வளவுதான்.

தெருவில் மட்டும் அவருக்கு வேறு பெயர் ஒட்டிக்கொண்டது. ‘ஹிஸ் எக்ஸலென்ஸி’ என்பதைத் திரித்து ‘ஹிஸ் ஆக்சிடென்ஸி’ என்றார்கள். தமிழில் சொல்வதென்றால், மாண்புமிகு இல்லை, விபத்துமிகு.

பட்டம் கிடைத்தது, கட்சி போனது

இனிதான் வேடிக்கை. பெயருக்காக இவ்வளவு சண்டை ஏன் என்று தோன்றலாம். விஷயம் வீட்டோவில் இருக்கிறது.

காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவில் கையெழுத்துப் போடாமல் அதிபர் திருப்பி அனுப்பலாம். அதுதான் வீட்டோ. அதை மீறி மசோதா சட்டமாகவேண்டுமென்றால் இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். லேசில் கிடைக்காது. விக் கட்சியின் உண்மையான தலைவர் செனட்டர் ஹென்றி கிளே. ஜாக்சன் ஒழித்துக்கட்டிய தேசிய வங்கியைத் திரும்பக் கொண்டுவருவது அவருடைய கனவுத் திட்டம். 1840-இல் வேட்பாளராகியிருக்க வேண்டியவரே அவர்தான். அப்போது கட்சி மாநாட்டில் டைலர் ஆதரித்ததும் அவரைத்தான். இப்போது வெள்ளை மாளிகையில் பொறுப்பாக ஒருவர் உட்கார்ந்திருந்தால், கிளே நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். ரெகுலர் அதிபர் உட்கார்ந்திருந்தார்.

மாநிலத்தின் சம்மதம் இல்லாமல் அங்கே கிளை திறக்கும் வங்கி சாசனத்துக்கு விரோதம் என்பது டைலரின் பழைய கொள்கை. 1841 ஆகஸ்ட் 16-இல் வங்கி மசோதாவைத் திருப்பி அனுப்பினார். அன்றிரவே குடித்துவிட்டு ஒரு கூட்டம் வெள்ளை மாளிகை வாசலுக்கு வந்து கூச்சல் போட்டுக் கல்லெறிந்தது. கொடும்பாவி எரித்தார்கள். மாற்றி எழுதிய இரண்டாவது மசோதா வந்தது. செப்டம்பர் 9-இல் அதையும் திருப்பினார். செப்டம்பர் 11 மதியத்திலிருந்து அமைச்சர்கள் ஒருவர் பின் ஒருவராக அவர் அறைக்குள் வந்து ராஜினாமா கடிதத்தை வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். ஆறு பேர் கொண்ட அமைச்சரவையில் கடைசியில் மிஞ்சியது வெப்ஸ்டர் மட்டும்தான். பிரிட்டனோடு கனடா எல்லைப் பேச்சுவார்த்தை பாதியில் இருந்தது, அதை முடிக்காமல் போக அவருக்கு மனமில்லை. டைலரும் வெறுத்துப்போய் ராஜினாமா செய்துவிடுவார் என்பதுதான் கிளே போட்ட கணக்கு என்று பலர் கருதினார்கள். அவர் அசையவில்லை. புது அமைச்சர்களைப் பிடித்தார். செப்டம்பர் 13-இல் விக் கட்சியினர் கூடி அவரைக் கட்சியிலிருந்தே விலக்கினார்கள். பதவியில் இருக்கும் அதிபரைச் சொந்தக் கட்சியே தள்ளிவைத்தது.

அதற்குப் பிறகு செனட் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. நிதி அமைச்சராக கேலப் குஷிங்கின் பெயரை அனுப்பினார், நிராகரித்தார்கள். மறுபடி அனுப்பினார், நிராகரித்தார்கள். மூன்றாவது முறையும் அனுப்பினார். மூன்றும் ஒரே நாளில், 1843 மார்ச் 3-இல். பிடிவாதத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? சுங்கவரி மசோதாக்களையும் வீட்டோ செய்ததால் பிரதிநிதிகள் சபையில் பதவிநீக்க விசாரணைத் தீர்மானம் வந்தது. அதிபர் ஒருவர் மேல் அப்படி வந்தது அதுவே முதல் முறை. 1843 ஜனவரியில் 127-க்கு 83 என்று தோற்றதால் தப்பினார். மொத்தம் நான்கு வருடத்துக்குள் பத்து வீட்டோ. எட்டு வருடம் ஆண்ட ஜாக்சனே பன்னிரண்டுதான். கடைசி முழு நாளான 1845 மார்ச் 3-இல், அரசுக் கப்பல்கள் கட்டுவது பற்றிய சின்ன விஷயம் ஒன்றில் காங்கிரஸ் அவருடைய வீட்டோவை மீறியது. அமெரிக்க வரலாற்றில் வீட்டோ மீறப்பட்டது அதுதான் முதல் தடவை. போகிற போக்கில் ஒரு குட்டு.

ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. மெய்ன் மாநில எல்லைத் தகராறைத் தீர்த்த வெப்ஸ்டர்-ஆஷ்பர்ட்டன் ஒப்பந்தம் 1842-இல் முடிந்தது. 1844-இல் சீனாவோடு முதல் வர்த்தக ஒப்பந்தம். அதை முடித்தவர் அதே குஷிங். எல்லாவற்றுக்கும் மேலே, அன்று தனி நாடாக இருந்த டெக்சாஸ். அதை இணைக்கும் ஒப்பந்தத்தை செனட் 35-க்கு 16 என்று தூக்கி எறிந்தது. ஒப்பந்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இரு சபைகளின் கூட்டுத் தீர்மானத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து, பதவி முடிய மூன்று நாள் இருக்கும்போது, மார்ச் 1-இல் கையெழுத்துப் போட்டார். அடிமை முறை உள்ள பெரிய நிலப்பரப்பு ஒன்று நாட்டோடு சேர்ந்தது. மெக்சிகோவோடு போரும் தொடர்ந்து வந்தது.

கடைசி மாதத்தில் வெள்ளை மாளிகையில் பெரிய விருந்து வைத்து, இனிமேல் என்னைப் பார்ட்டி இல்லாத அதிபர் என்று சொல்ல முடியாது என்றாராம். இந்த ஜோக் தமிழிலும் அப்படியே எடுபடுகிறது.

பீரங்கி வெடித்த மதியம்

இந்த முழுக் காலத்திலும் துணை அதிபர் நாற்காலி காலி. அதை நிரப்ப சாசனத்தில் வழி இல்லை. டைலருக்கும் ஏதாவது ஆனால்? 1792-ஆம் ஆண்டுச் சட்டப்படி செனட்டின் தற்காலிகத் தலைவர் அதிபராகச் ‘செயல்படுவார்’, பிறகு தேர்தல் வரும்.

அது நடக்காமல் போனது மயிரிழையில். 1844 பிப்ரவரி 28-இல் பிரின்ஸ்டன் என்ற புதுப் போர்க்கப்பலில் நூற்றுக்கணக்கான விருந்தினரோடு பொட்டோமாக் ஆற்றில் உல்லாசப் பயணம். ‘பீஸ்மேக்கர்’ என்று பெயர் வைத்த ராட்சத பீரங்கியைச் சுட்டுக் காட்டினார்கள். இன்னொரு தடவை என்று கேட்டுச் சுட்டபோது பீரங்கியே வெடித்துச் சிதறியது. வெளியுறவு அமைச்சர் ஏபெல் அப்ஷர், கடற்படை அமைச்சர் தாமஸ் கில்மர் உட்பட ஆறு பேர் அங்கேயே இறந்தார்கள். டைலரின் அடிமைப் பணியாளர் ஆர்மிஸ்டெட் அதில் ஒருவர். டைலர் அந்த நேரம் கீழ்த்தளத்தில் இருந்தார். மருமகன் பாடிய பாட்டைக் கேட்க நின்றார் என்பார்கள். பாட்டு பிடிக்காமல் மேலே ஏறியிருந்தால், செனட்டின் தற்காலிகத் தலைவர் வில்லி மேங்கம் நாட்டை நடத்தியிருப்பார். அவர் பெயரை இன்று யாருக்குத் தெரியும்?

இறந்தவர்களில் டேவிட் கார்டினர் என்ற நியூயார்க் பணக்காரரும் ஒருவர். அவர் மகள் ஜூலியாவை நான்கே மாதத்தில் டைலர் கல்யாணம் செய்துகொண்டார். முதல் மனைவி லெட்டிஷியா 1842-இல் வெள்ளை மாளிகையிலேயே இறந்திருந்தார். மாப்பிள்ளைக்கு 54, பெண்ணுக்கு 24. டைலரின் மூத்த மகளைவிட ஜூலியா ஐந்து வயது இளையவர். இரண்டு மனைவியருக்குமாக 15 பிள்ளைகள். 1790-இல் பிறந்த அவருக்கு, பேரன் ஒருவர் 2025 வரை உயிரோடு இருந்தார் என்றால் நம்ப முடிகிறதா? எழுபது வயதிலும் டைலருக்குக் குழந்தை பிறந்தது, அவர் மகனுக்கும் அந்த வயதையொட்டிப் பிறந்தது; அவ்வளவுதான் கணக்கு.

முடிவு மட்டும் நன்றாக இல்லை. 1861 பிப்ரவரியில், அடிமை முறை விஷயத்தில் பிளவுபட்டு நின்ற வடக்கையும் தெற்கையும் சமாதானப்படுத்த வாஷிங்டனில் நடந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அது பயனற்றுப் போனதும் வெர்ஜீனியா பிரிந்துபோக ஓட்டுப் போட்டார். பிரிந்துபோன தெற்கின் காங்கிரசுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1862 ஜனவரி 18-இல் ரிச்மண்டில் இறந்தார். சவப்பெட்டி மேல் போர்த்தியது அவர் அதிபராக இருந்த நாட்டின் கொடி அல்ல. வாஷிங்டன் அவர் சாவுக்கு அரசு முறையில் துக்கம் அனுசரிக்கவில்லை.

அவர் போட்ட பாதை

1850-இல் சக்கரி டெய்லர் பதவியில் இறந்தபோது (பெயர்தான் கொஞ்சம் ஒத்து ஒலிக்கிறது, உறவில்லை) மில்லார்ட் ஃபில்மோர் யாரிடமும் கேட்காமல் அதிபரானார். பிரமாணம் செய்துவைத்தவர் அதே கிராஞ்ச். பிறகு 1865, 1881, 1901, 1923, 1945, 1963. ஒவ்வொரு முறையும் டைலர் போட்ட பாதையில்தான் நடந்தார்கள்.

ஆனால் அந்தப் பாதையில் ஒரு குழி இருந்தது. இறந்தால் சரி. படுத்துக் கிடந்தால்? சாசனத்தில் சாவும் இயலாமையும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன, இரண்டுக்கும் ஒரே மேற்படிதான். டைலர் சொன்னபடி மேற்படி என்பது பதவியே என்றால், அதிபர் நோயில் கிடக்கும்போது துணை அதிபர் வந்து உட்கார்ந்தாலும் பதவியே கைமாறிவிடும். குணமாகி எழுந்தவருக்குத் திரும்பக் கிடைக்குமா என்பது சந்தேகம். 1881 ஜூலை 2-இல் ஜேம்ஸ் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். செப்டம்பர் 19 வரை உயிர் ஊசலாடியது. அந்த எழுபத்தொன்பது நாளும் துணை அதிபர் செஸ்டர் ஆர்தர் நாற்காலி பக்கம் வரவே இல்லை. வந்தால் கார்ஃபீல்டை இறக்கிவிட்டதாக ஆகிவிடும் என்ற பயம். 1919-இல் பக்கவாதம் வந்த உட்ரோ வில்சன் படுக்கையிலிருந்தபோதும் இதே கதைதான். அடைப்புக்குறியை டைலர் ஒரேயடியாக அழித்துவிட்டார். அது தேவைப்பட்ட இடத்தில்கூட இல்லாமல் போயிற்று.

இதைச் சரிசெய்ய 1967 பிப்ரவரி வரை ஆனது. 25-ஆவது திருத்தம் முதல் வரியிலேயே டைலருக்கு வெற்றி கொடுத்தது: அதிபர் நீக்கப்பட்டால், இறந்தால், ராஜினாமா செய்தால் துணை அதிபர் அதிபர் ‘ஆவார்’. 126 வருடம் கழித்து மேற்படிக்கு அர்த்தம் கிடைத்தது. துணை அதிபர் நாற்காலி காலியானால் நிரப்பும் வழியையும் எழுதினார்கள். அதோடு, இயலாமையைத் தனியாகப் பிரித்து, அதிபர் இரண்டு சபைத் தலைவர்களுக்கும் கடிதம் கொடுத்துவிட்டு அதிகாரத்தைத் தற்காலிகமாக ஒப்படைக்கலாம், இன்னொரு கடிதம் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். இடைப்பட்ட நேரத்தில் துணை அதிபரின் பெயர் ‘செயல் அதிபர்’. டைலர் கிழித்தெறிந்த அதே பலகை, இந்த முறை சட்டப்படி.

2021 நவம்பர் 19-இல் அதிபர் பைடனுக்குக் குடல் பரிசோதனை. மயக்க மருந்து கொடுக்கவேண்டும். காலை 10.10-க்கு ஒரு கடிதம் போனது, 11.35-க்கு இன்னொன்று. நடுவிலிருந்த 85 நிமிடம் அமெரிக்காவின் அதிபர் (பொறுப்பு), திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பி.வி.கோபாலனின் பேத்தி கமலா ஹாரிஸ்.